கண் கிளினிக்கில நாடி வைக்கிற மெசின்: போக முதல் ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

கண் கிளினிக்குக்குப் போன ஆக்களுக்கு உந்த மெசினைத் தெரியும். ஒரு சின்ன மேசை, அதில நாடியை வைக்க ஒரு கிண்ணம் மாதிரி, நெத்தியை முட்ட ஒரு பட்டி, அங்கால பக்கம் டொக்டர் கண்ணை வைச்சுப் பாக்கிற ரெண்டு குழாய், பக்கத்தில ஒரு லைட். "நாடியை வையுங்கோ, நெத்தியை முட்டுங்கோ" எண்டு சொல்லேக்கையே பாதிச் சனத்துக்குக் கழுத்து விறைச்சிடும். அதின்ர பேர் ஸ்லிட் லாம்ப். எங்கட பக்கம் கேட்டா கண்ணாடி நம்பர் பாக்கிற மெசின் எண்டுதான் சொல்லுவினம், அது பிழை, நம்பர் பாக்கிறது வேற மெசின், இது கண்ணுக்கு உள்ள என்ன நடக்குது எண்டு பாக்கிறது.

நான் டொக்டர் இல்ல, யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் வெல்டிங் வேலை செய்யிறனான். ஆனா அந்த மெசினுக்கு முன்னால நானே மூண்டு தரம் இருந்திட்டன், அம்மாவையும் சலரோகத்துக்காக வருசா வருசம் கூட்டிக்கொண்டு போறனான், அதால சொந்தத்துக்குள்ள ஆருக்குக் கண் கிளினிக் எண்டாலும் போன் எனக்குத்தான் வரும். ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் உளையுது, அதுதான் எழுதி வைப்பம் எண்டு.

முதல் இது என்னெண்டு வேலை செய்யுது எண்டதைச் சொல்லுறன், அது விளங்கினா மிச்சம் லேசு. கிடுகு வீட்டில இருந்த ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், முகட்டில ஒரு ஓட்டை, மத்தியான வெயில் அதுக்குள்ளால ஒரு தடி மாதிரி இறங்கும், அந்த வெளிச்சத் தடிக்குள்ள தூசி மினுங்கி மினுங்கி ஏறி இறங்கும். தடிக்கு வெளியிலயும் அதே தூசிதான் பறக்குது, ஆனா கண்ணுக்குத் தெரியாது. ஸ்லிட் லாம்ப் செய்யிறதும் இதுதான், அறையை இருட்டாக்கிப்போட்டு ஒரு மெல்லிய வெளிச்சக் கீத்தைச் சரிவாக் கண்ணுக்குள்ள விட்டு அதை மைக்ரோஸ்கோப்பால பாக்கிறது. கருவிழிக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்கிற கோர்னியாவுக்கும் பின்னால இருக்கிற லென்ஸுக்கும் இடையில தெளிஞ்ச தண்ணி மாதிரி ஒண்டு இருக்கு, சுகமான கண்ணில அந்த இடத்தில வெளிச்சக் கீத்து தெரியவே தெரியாது, வெறும் இருட்டுத்தான். யூவைற்றிஸ் எண்டுற உள்வீக்கம் வந்தா அந்தத் தண்ணிக்குள்ள அணுக்கள் மிதக்கும், கிடுகு ஓட்டைத் தூசி மாதிரியே டொக்டருக்கு மினுங்கித் தெரியும், அதை எண்ணிப் பாத்துத்தான் வருத்தம் கூடவோ குறையவோ எண்டு எழுதுவினம். டோர்ச் அடிச்சுப் பாத்தா இது சத்தியமாத் தெரியாது.

இன்னொரு விசயம், வெளிச்சம் சரிவா விழுறபடியா பாண் துண்டு வெட்டின மாதிரி ஒவ்வொரு படையும் தனித்தனியாத் தெரியும். கோர்னியாவே நடுவில அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான், அதுக்குள்ள ஒரு கீறல் மேலாலதானோ ஆழத்துக்கு இறங்கிட்டுதோ எண்டு சொல்லுறதெண்டா சும்மா வேலையில்ல. உருப்பெருக்கமும் சாதாரணமா 6 மடங்கில இருந்து 40 மடங்கு மட்டும் போகும். சுவீடன்காரர் குல்ஸ்ட்ராண்ட் எண்ட கண் டொக்டர் 1911இல இந்தக் கீத்து வெளிச்சத்தைக் கொண்டு வந்தவர், அதே வருசம் அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது, ஆனா அது கண்ணுக்குள்ள வெளிச்சம் எப்பிடி வளையுது எண்ட ஆராய்ச்சிக்கு. மைக்ரோஸ்கோப்பை இதோட சேர்த்தது பிறகுதான். தமிழில பிளவு விளக்கு எண்டு எழுதுறவை இருக்கினம், கிளினிக்கில அப்பிடிச் சொன்னா ஆருக்கும் விளங்காது. 1800களில மானிப்பாயில இருந்து அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் எங்கட பெடியளுக்குத் தமிழிலயே இங்கிலீஸ் வைத்தியம் படிப்பிச்ச ஊர் இது, இப்ப ஸ்லிட் லாம்புக்கு வாயில வாற ஒரு தமிழ்ச் சொல்லு எங்களிட்ட இல்ல. சரி, அது வேற கதை.

இப்ப போக முதல் செய்ய வேண்டியது. கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடி, வீட்டில பாவிக்கிற எல்லாச் சொட்டு மருந்துப் போத்தலும், குளிசைகளின்ர பேரும் கொண்டு போங்கோ. "வெள்ளைக் குளிசை ஒண்டு, மஞ்சள் குளிசை பாதி" எண்டு சொன்னா அவை என்ன செய்யிறது? மட்டையையே பாக்கில போடுங்கோ. குறிப்பா வயசு போன ஐயாமார் சலம் போறதுக்கு தம்சுலோசின் எடுத்தா அதைக் கட்டாயம் சொல்ல வேணும், கற்றரக்ட் எண்டுற கண்புரை ஒப்பரேசனில அது கண்மணியைச் சுத்தி இருக்கிற நிறத் திரையைத் தொய்யப் பண்ணும், டொக்டர் முதலே தெரிஞ்சா அதுக்கு ஆயத்தமா இருப்பார். நிப்பாட்டிப்போட்டுப் போகாதேங்கோ, சொன்னாக் காணும். ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்து, மூட்டு நோவுக்கு எடுத்த ஸ்ரெரொயிட், இதுகளையும் சொல்லுங்கோ. குடும்பத்தில ஆருக்கும் குளுக்கோமா எண்டுற, பார்வை நரம்பு பழுதாகிற வருத்தம் இருந்ததோ எண்டு கேப்பினம், "அப்பப்பாவுக்குக் கடைசியில கண் தெரியாமப் போனது" எண்டதும் ஒரு பதில்தான், வயசு எண்டு நினைச்சு விட்டிடாதேங்கோ.

கண்ணுக்கு மை பூச வேண்டாம். கொன்ராக் லென்ஸ் போடுறவை கழட்டி வைக்கப் பெட்டியும் தண்ணியும் கொண்டு போங்கோ, சோதிக்கிறதுக்கு மஞ்சள் மருந்து விட்டா சொவ்ட் லென்ஸ் அந்த நிறத்தைக் குடிச்சிடும். திருநீறு விசயமும் இருக்கு. அம்மா விடிய எழும்பி நெத்தி நிறைய மூண்டு குறி போட்டுக்கொண்டு வாறவ, நெத்தியைப் பட்டியில முட்டின உடன திருநீறு கொட்டிக் கண் இமையில விழுந்து, அவ கண்ணைக் கசக்கி, நேர்ஸ் பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுத் துடைச்சுவிட்டது. இப்ப அம்மா சின்னதா ஒரு கீறலோட வாறவ.

மோட்டச்சைக்கிளில தனியப் போகாதேங்கோ, சைக்கிளிலயும் வேண்டாம். ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

அங்க போனா முதல் எழுத்துப் பலகை. 6 மீற்றர் தூரத்தில வைச்சு வாசிக்கச் சொல்லுவினம், கொப்பியில 6/18 எண்டு எழுதினா, நல்ல கண் 18 மீற்றரில நிண்டு வாசிக்கிற எழுத்தை நீங்கள் 6 மீற்றரில நிண்டுதான் வாசிக்கிறியள் எண்டு அர்த்தம். முன்னால நிண்டவர் சொன்னதைப் பாடமாக்கிச் சொல்லுற ஆக்களைக் கண்டிருக்கிறன், இது என்ன ஓஎல் சோதினையே, ஆரை ஏமாத்துறியள்.

பிறகுதான் மெசின். இதில வடிவா இருக்கிறது உங்கட கையிலதான் இருக்கு, டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் தலை ஆடினா வெளிச்சக் கீத்தும் கண்ணை விட்டு விலகிப்போகும், அவருக்கு ஒண்டும் தெரியாது. கதிரையில நுனியில குந்தாமலும் சாயாமலும், குண்டியை நல்லாப் பின்னுக்கு வைச்சு, இடுப்பில இருந்து முன்னுக்கு வளையுங்கோ. கழுத்தை மட்டும் நீட்டினா ஒரு நிமிசத்தில நோகும், நொந்தா ஆடும். மேசை உயரமெண்டா சொல்லுங்கோ, அதை ஏத்தி இறக்கலாம், வெக்கப்பட்டு எட்டி எட்டி இருக்கிறதாலதான் பாதிப் பிரச்சினை. நாடி கிண்ணத்தில முழுசாப் பதிய வேணும், பல்லைச் சேர்த்து வையுங்கோ, வாயைத் திறந்தா நாடி இறங்கும், கண்ணும் இறங்கும். பக்கத்துத் தண்டில ஒரு சின்னக் கறுப்புக் கோடு இருக்கும், உங்கட கண்ணின்ர வெளி மூலை அந்தக் கோட்டுக்கு நேர வந்தாச் சரி. கையை மடியில வைக்காமல் மேசையில இருக்கிற பிடியைப் பிடிச்சா உடம்பு ஆடாது.

நெத்திதான் எல்லாரும் விடுற பிழை. லைட் வந்த உடன ஆக்கள் தங்களை அறியாமலே தலையைப் பின்னுக்கு இழுப்பினம், அரை அங்குலம் காணும், படம் போயிடும். நேர்ஸ் பின்னால நிண்டு பிடரியைப் பிடிக்கிறது அதுக்குத்தான், கோவிக்காதேங்கோ. எனக்கு ஒரு டொக்டர் சொன்ன வழி நல்லது: நெத்தியால பட்டியைத் தள்ளுறன் எண்டு நினைச்சுக்கொண்டு இரும் தம்பி எண்டு. அப்பிடி நினைச்சா ஆடாது. மூச்சை அடக்க வேண்டாம், சாதாரணமா விடுங்கோ, கண்ணையும் சாதாரணமாச் சிமிட்டலாம், சிமிட்டக் கூடாது எண்டு பிடிச்சுக்கொண்டிருந்தாத்தான் கண்ணீர் வழியும். லைட்டைப் பாக்காமல் டொக்டரின்ர காதைப் பாருங்கோ, பெரும்பாலும் அவையே "வலது காதைப் பாருங்கோ" எண்டு சொல்லுவினம். வெளிச்சம் கூசும், ஆனா கெடுதி செய்யாது, எக்ஸ்ரே மாதிரிக் கதிர் ஒண்டும் இல்ல. முடிஞ்ச உடன கொஞ்ச நேரம் எல்லாம் ஒரு நிறமாத் தெரியும், அது போயிடும்.

மஞ்சள் மருந்தைப் பற்றி என்ர கதையாலயே சொல்லுறன். கிரைண்டர் அடிக்கேக்க கண்ணாடி போடேல்ல, ஒரு கம்பிதானே எண்ட நினைப்பு. ஒரு பொறி இடக் கண்ணுக்குள்ள பாய்ஞ்சது. கடையில நிண்ட பெடியன் லேஞ்சி நுனியை முறுக்கி எடுக்கப் பாத்தான், வரேல்ல. பின்னேரம் ஒரு மருந்துக் கடையில டொக்டரின்ர துண்டு இல்லாமலே ஒரு சொட்டு மருந்து தந்திச்சினம், விட்ட உடன சிவப்புக் குறைஞ்சது, நானும் சரி எண்டு விட்டிட்டன். மூண்டாம் நாள் இரவு கண்ணுக்குள்ள நெருஞ்சி முள்ளு நிண்ட மாதிரி, நித்திரை இல்ல. விடிய ஆஸ்பத்திரிக்கு ஓடினன். மஞ்சள் மருந்து தொட்டுப்போட்டு, அதின்ர பேர் புளோரசின், மெசினில நீல வெளிச்சத்தைப் போட்டவை. தோல் உரிஞ்ச இடத்தில மட்டும் அந்த மஞ்சள் பச்சையா மினுங்கும். என்ர கண்ணில இரும்புத் துகள் ஒண்டு, அதைச் சுத்தி மண்ணிற வளையம், துரு. இரும்பு கோர்னியாவில நிண்டா மணித்தியாலக் கணக்கிலயே துரு பிடிக்கத் தொடங்கும் எண்டு அண்டைக்குத்தான் தெரியும், வேலை இரும்பிலதான், ஆனா கண்ணுக்குள்ளயும் துரு வரும் எண்டு நினைக்கேல்ல.

மரக்கிற மருந்து விட்டு, அதே மெசினில வைச்சே ஊசி நுனியால எடுத்தவர். "அசையாதையும்" எண்டார், அவ்வளவுதான். ஊசி வாறது பக்கவாட்டில மங்கலாத் தெரிஞ்சது, நோ இல்ல, ஒரு சின்ன அமத்தல் மட்டும். மருந்துக் கடைப் போத்தலைக் காட்டின உடன முகம் மாறிட்டுது, அது ஸ்ரெரொயிட். சிவப்பைக் குறைக்கும், ஆனா கிருமி இருந்தா அதுக்கு வாய்ப்பாப் போயிடும். நெல்லு, வைக்கல், பனையோலை கண்ணில அடிச்ச ஆக்களுக்கு இது இன்னும் ஆபத்து, அதுகளால பூஞ்சணக் கிருமி வரலாம், ஸ்லிட் லாம்பில பாத்தா அந்தப் புண்ணின்ர ஓரம் இறகு மாதிரிப் பிஞ்சு பிஞ்சு தெரியும், அதுக்கு மருந்தே வேற. துண்டு இல்லாமல் ஸ்ரெரொயிட் கண்ணுக்கு விடாதேங்கோ, தாய்ப்பாலும் விடாதேங்கோ.

உந்த மஞ்சள் மருந்து கண்ணீரோட வழிஞ்சு சட்டையில பட்டாக் கறை பிடிக்கும், மூக்குச் சிந்தினாலும் மஞ்சளா வரும், பயப்பிடாதேங்கோ. ஒரு ரிசூ கையில வைச்சிருங்கோ, வெள்ளைச் சட்டை போடாமல் போனா நல்லம். தொண்டையில கசக்கிறதும் இருக்கு, சொட்டு மருந்துதான் மூக்கால இறங்கி அப்பிடிக் கசக்கிறது, கண்ணின்ர உள் மூலையை விரலால ஒரு நிமிசம் அமத்திப் பிடிச்சாக் குறையும்.

கண் பிறசர் பாக்கிறதும் பெரும்பாலும் இதே மெசினிலதான். மரக்கிற மருந்தும் மஞ்சளும் விட்டு, நீல வெளிச்சத்தோட ஒரு சின்னக் கூம்பு வந்து கருவிழியில மெல்லத் தொடும். டொக்டருக்குத் தெரியிறது ரெண்டு பச்சை அரை வட்டம், அதுகளின்ர உள் ஓரம் ஒண்டையொண்டு தொடும் மட்டும் ஒரு திருகைத் திருப்புவார், அந்த இடத்தில இருக்கிற இலக்கத்தை வைச்சுத்தான் பிறசர் சொல்லுறது. 10இல இருந்து 21 மட்டும் சாதாரணம் எண்டு எடுக்கினம், ஆனா 18 எண்டு வந்தவருக்கும் குளுக்கோமா இருக்கலாம், அதால இலக்கத்தை மட்டும் கேட்டிட்டுச் சந்தோசமா வராதேங்கோ. கண்ணை இறுக்கினா, மூச்சை அடக்கினா, கழுத்துப் பட்டன் இறுக்கமா இருந்தா இலக்கம் கூடக் காட்டும், மேல் பட்டனைக் கழட்டிப்போட்டு இருங்கோ. மருந்து மரத்து இருக்கேக்க ஒரு அரை மணித்தியாலம் கண்ணைக் கசக்க வேண்டாம், கீறினாலும் தெரியாது.

அம்மா மாதிரி சலரோகக்காரருக்கு முக்கியம் பின்னால இருக்கிற விழித்திரை. அதுக்குக் கண்மணியைப் பெருப்பிக்க மருந்து விடுவினம், 20-30 நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேணும், சில நேரம் ரெண்டாந்தரமும் விடுவினம். பிறகு ஸ்லிட் லாம்புக்கும் கண்ணுக்கும் இடையில டொக்டர் கையால ஒரு சின்ன லென்ஸைப் பிடிச்சு உள்ள பாப்பார், "மேல பாருங்கோ, மூக்கைப் பாருங்கோ, கீழ பாருங்கோ" எண்டு சொல்லச் சொல்ல தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் திருப்புங்கோ. சலரோகத்தால அங்க இரத்தக் குழாயில கசிவு வந்தா முதல்ல உங்களுக்கு ஒண்டும் தெரியாது, வடிவாத்தான் பேப்பர் வாசிப்பியள். "எனக்குக் கண் நல்லாத் தெரியுது, ஏன் போறது" எண்டு சித்தப்பா கேட்டவர், அதுக்குத்தான் போறது எண்டு நான் சொன்னனான், வருசத்தில ஒருக்கா.

மருந்து விட முதல் டொக்டர் கண்ணுக்குள்ள தண்ணி வடியிற மூலை ஒடுக்கமோ எண்டு பாப்பார். ஒடுக்கமான கண்ணில கண்மணி விரிஞ்சா தண்ணி வடியிற வழி அடைபட்டு பிறசர் திடீரெண்டு ஏறலாம். மருந்து விட்ட அண்டைக்கு, ஏன் விடாமலும் கூட, கண் கடுமையா உளைஞ்சு, லைட்டைச் சுத்தி வானவில் வட்டம் தெரிஞ்சு, தலையிடி, சத்தி எண்டு வந்தா அது பித்தமில்ல, உடன ஆஸ்பத்திரி.

கற்றரக்டை எங்கட சனம் ஒரே வருத்தம் எண்டு நினைக்குது. மெசினில பாத்தா வகை வகையா இருக்கும், சிலருக்கு லென்ஸின்ர நடு, பிளேன்ரீ நிறத்துக்குப் போகும், சிலருக்கு சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி ஓரத்தில இருந்து வெள்ளைக் கோடு, சிலருக்குப் பின்பக்கம் மட்டும் ஒரு படை, அது சலரோகக்காரருக்கும் ஸ்ரெரொயிட் எடுத்தவைக்கும் கூட வரும், எதிர வாற வாகன லைட்டில கண் கூசும். கேட்டுப் பாருங்கோ எந்த வகை எண்டு, சொல்லுவினம். ஒப்பரேசன் செய்து சில மாசம், சில வருசம் கழிச்சுத் திரும்பவும் மங்கினா "கற்றரக்ட் திருப்பி வந்திட்டுது, ஒப்பரேசன் பிழை" எண்டு கதை கட்டுவினம், அது வாறதில்ல. வைச்ச லென்ஸுக்குப் பின்னால இருக்கிற மெல்லிய தோல் தடிச்சிருக்கும், ஸ்லிட் லாம்போட சேர்ந்த யாக் லேசரால அதில ஒரு ஓட்டை போட்டு விடுவினம், அதே மாதிரி நாடியை வைச்சு இருந்தாக் காணும்.

கொஞ்சம் கெதியாச் சொல்லுறன். சின்னப் பிள்ளையளை மடியில வைச்சிருங்கோ, இல்லாட்டிக் கதிரையில முழங்காலில நிக்கலாம், கையில பிடிக்கிற சின்ன ஸ்லிட் லாம்பும் இருக்கு, கூனின ஆக்களுக்கும் சில்லுக் கதிரையில வாறவைக்கும் அது உதவும். காது கேளாதவர் எண்டா முதலே சொல்லி வையுங்கோ, தோளில தட்டினா மேல பாக்கிறது எண்டு. வெல்டிங் வெளிச்சம் அடிச்சா 6 தொடக்கம் 12 மணித்தியாலம் கழிச்சுத்தான் கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரி வரும், அதையும் காட்டுங்கோ. சுண்ணாம்போ சீமெந்தோ பட்டா மெசினைத் தேடி ஓட முதல் அந்த இடத்திலயே நல்ல தண்ணியால அரை மணித்தியாலம் கழுவுங்கோ. கம்பி, முள்ளு ஏதும் கண்ணைக் குத்தி உள்ள போயிருந்தா மட்டும் கழுவவும் வேண்டாம் அமத்தவும் வேண்டாம், ஒரு கப்பால மூடிக்கொண்டு போங்கோ.

எழும்ப முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ: விழித்திரை முழுக்கப் பாத்ததோ, பிறசர் எத்தினை, திரும்ப எப்ப வாறது. கொப்பியில எழுதினதை போனில ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ, கொப்பி துலையும்.

பெருப்பிச்ச மருந்து குறைய 4-6 மணித்தியாலம் எடுக்கும், சிலருக்குக் கூடவும் எடுக்கும், வெளியில வந்தா யாழ்ப்பாணத்து வெயில் கண்ணில வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும், அதுதான் மோட்டச்சைக்கிள் வேண்டாம் எண்டது, கறுப்புக் கண்ணாடியும் குடையும் கொண்டு போங்கோ. போன தரம் அம்மா வீட்டை வந்ததும் வராததுமா சுளகைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில அரிசி கல்லுப் பொறுக்க இருந்திட்டா. கொஞ்ச நேரத்தில உள்ள இருந்து எனக்குச் சத்தம் கேக்குது, "மோனை, இஞ்ச வந்து பார், எல்லாம் ஒரே வெள்ளையாக் கிடக்கு, கல்லெது அரிசியெது எண்டு தெரியேல்ல." ஆறு மணி போல திரும்பச் சுளகை எடுத்தா, கல்லு மூண்டு வந்தது.